விலாசத்துக்கு ஒரு வீடு

தலத்தெருவில் அந்த வீட்டுப் பூட்டைப் பார்த்ததும் சிவநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு அறை, சமையற்கட்டு, பின்னால் கொல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆள் புழங்கும் அடையாளமே இல்லை.

பக்கத்து வீட்டு ராஜம் வெளியே வந்தாள்.

"யாரு வேணுங்க?"

"வாடகைக்கு வீடு தேடறேம்மா. இது காலியா?"

"காலியில்லீங்க. ஆரோக்கியசெல்வின்னு ஒரு அம்மா, புருஷன், ஒரு பொண்ணு. ஆனா எட்டு மாசமா பூட்டித்தான் கெடக்கு. மாசத்துக்கு ஒரு நாள் அந்தம்மா வருவாங்க, கூட்டிப் பெருக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போயிடுவாங்க. எங்க இருக்கீங்கன்னு கேட்டா சிரிச்சு மழுப்பிடுவாங்க."

"பொண்ணு என்ன படிக்குது?"

"பிளஸ் டூ வயசுதாங்க."

சிவநாதனுக்கு விளங்கிவிட்டது.

காரைக்காலில் பிள்ளை பெற்ற யாருக்குமே விளங்கும். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த இந்த ஊர். இங்கே குடியிருப்பவர் பிள்ளைக்குத்தான் இந்த ஊர் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி சீட்டு. அதற்காகவே வெளியூர்க்காரர்கள் ஒரு வீட்டைப் பிடித்துப் பூட்டிப் போட்டு, விலாசத்தை மட்டும் வைத்துக்கொள்வதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவர் பாடோ வேறு பாடு. பன்னிரண்டு வருஷம் இருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். நாகூர்ப் பக்கம் போனால் வீடு கிடைக்கும். ஆனால் எல்லையைத் தாண்டினால் இருப்பிடச் சான்றிதழ் போச்சு. மகள் நித்யஸ்ரீயின் டாக்டர் கனவும் அதோடு போச்சு.

பேஸ்புக்கில் 'ஊர்ச்சொந்தங்கள்' குழுவில் பத்து நாளைக்கு முன்பே வீடு வேண்டும் என்று தன் போன் நம்பரோடு பதிவு போட்டிருந்தார். நாற்பதாயிரம் சொந்தங்கள்! கும்பிடும் கைகள் அறுபது வந்தன. 'விரைவில் அமைய வாழ்த்துகள்' இருபது. யாரோ ஒரு புண்ணியவான் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பியிருந்தார். வீடு மட்டும் வரவில்லை. போனைத் திறப்பதும் வெறுத்துப்போய் மூடுவதுமாக மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

பூட்டோடு சேர்த்து வீட்டைப் படம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பதிவு போட உட்கார்ந்தார்.

'குடியிருக்க வீடில்லாமல் நாம் தெருவில் நிற்கிறோம். விலாசத்துக்காக வீட்டைப் பூட்டி வைத்து நம் பிள்ளைகளின் சீட்டைத் திருடுகிறார்கள். தலத்தெருவில் இதோ ஒரு வீடு!'

நித்யஸ்ரீ எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, யாரு என்னன்னு தெரியாம போடாதீங்கப்பா."

"நீ போய்ப் படி. ஒனக்காகத்தான் நாய் படாத பாடு படறேன்."

இந்த முறை சொந்தங்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள். மூன்றே நாளில் ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஒருவர் வீட்டுச் சொந்தக்காரர் தங்கப்பனின் போன் நம்பரையே தேடிப் பிடித்துப் போட்டுவிட்டார்.

நாலாம் நாள் தங்கப்பனே கூப்பிட்டார்.

"சார், கண்டவனெல்லாம் போன் போட்டு ஏசுறான். எனக்கு இந்த வம்பே வேணாம். அவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். நீங்களே வந்துருங்க. அந்தப் பதிவ மட்டும் எடுத்துருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சிவநாதன் எடுத்துவிட்டார். காரியம் முடிந்துவிட்டதே.

வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்ச, சாமி படத்தோடு ஆட்டோவில் போய் இறங்கினார். வாசலில் ஓர் அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பமும் கையுமாக நின்றாள். வீடு பளிச்சென்று இருந்தது.

"வாங்கண்ணே. நாந்தான் ஆரோக்கியசெல்வி. சாமானெல்லாம் தரங்கம்பாடியில தம்பி வீட்டுக்கு ஏத்தி விட்டாச்சு. நீங்க பால் காய்ச்சப் போறீங்கன்னு ஓனரு சொன்னாரு. அதான் கழுவி விட்டுட்டு சாவியக் குடுக்கலாம்னு நின்னேன்."

சிவநாதனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு குத்தலாகவே கேட்டார்.

"பொண்ணுக்கு எந்தக் காலேஜ்ல சீட்டு வாங்கப் போறீங்க?"

"சீட்டா? பொண்ணு பாண்டி ஆஸ்பத்திரியில கெடக்குண்ணே. எட்டு மாசமாச்சு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னுட்டாங்க. நானும் அவரும் அங்கயே கெடக்குறோம். நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேண்டிய புள்ள, வெளியில தெரிய வேணாம்னு ஓனருகிட்டக் கூடச் சொல்லல."

சிவநாதனுக்குச் சாமி படத்தைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, உள்ளே எடுத்துப் போகவும் கால் வரவில்லை.

"இந்த விலாசத்துல இருக்குற ரேஷன் கார்டைக் காட்டித்தான் இலவச வைத்தியம் ஓடிட்டிருந்துச்சு. தம்பி வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், அது செல்லாது. என்ன பிரச்னைன்னு தெரியல, ஓனரு திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டாரு. இனிமே எந்த விலாசத்தைச் சொல்லுவேன்? குடியிருக்கக் கூட வேணாம்ணே, விலாசத்துக்கு ஒரு வீடு கெடைச்சா போதும்."

துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பேஸ்புக்குல போட்டதாலதான் ஒங்களுக்கு இந்த வீடு அமைஞ்சுதாம், ஓனரு சொன்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டு விடுங்களேண்ணே."