புது விசிறியின் முதல் சுற்று

சாயங்காலமாகியும் சேலத்து ஏப்ரல் வெயில் ஓட்டுக்கூரையைவிட்டு இறங்கவில்லை. கருகிப்போன மேஜை விசிறிக்குப் பதிலாக விட்டத்தில் தொங்கும் புது விசிறியைக் குடும்பமே அண்ணாந்து பார்க்கிறது. சவரியார் சுவிட்சைத் தட்டுகிறார். இறக்கைகள் தயங்கி நகர்ந்து, வேகம் பிடித்து, ஒரே வெள்ளி வட்டமாகின்றன. பிள்ளைகள் குதிக்கிறார்கள், காலண்டர் படபடக்கிறது, மாதா சுரூபத்தின் முன்னாலிருந்த மெழுகுவத்தி பொசுக்கென்று அணைகிறது. விசிறியை நிறுத்தச் சவரியார் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோகிறார். “நிறுத்தாதீங்க!” என்று அவர் மனைவி மரியபுஷ்பம் கத்துகிறாள். “பாஸ்குத் திருநாளுக்கு எனக்கும் மாதாவுக்கும் சேலை எடுக்க வெச்சிருந்த பணமுங்க அங்க சுத்துறது. நாங்க ரெண்டு பேரும் காத்து வாங்கிக்கிறோம், உடுங்க!” போன வருஷத்துச் சேலையின் முந்தானை அவள் தோளிலிருந்து பறக்கிறது, மாதாவின் சாண் நீளப் பழைய முந்தானையும் அதே பக்கமாக, கூடவே பறக்கிறது.