இளைப்பு

கினிப் பன்றியின் மூச்சில் இரண்டு நாளாகக் கரகரவென்று ஒரு சத்தம். "இங்க வந்தா பயத்துல அடக்கிக்கும். வீட்லயே போன்ல பதிவு பண்ணிட்டு வாங்க" என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். தணிகாசலம் டாக்டர் எதிரே உட்கார்ந்து, கினிப் பன்றியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பதிவைப் போட போனை அழுத்தினார். டாக்டர் குனிந்து கேட்டார்.

"இது மனுஷங்க மூச்சு மாதிரி இருக்கே சார்."

விரல் தவறிப்போயிருந்தது. இறந்துபோன மனைவி வேதவல்லியின் இளைப்பு அது. நெஞ்சு டாக்டரிடம் காட்டுவதற்காக அப்போது எடுத்தது. நிறுத்தப் போனார். அதற்குள் மடியில் இருந்த பிராணி தலையைத் தூக்கிக் கத்தத் தொடங்கியது. கொத்தமல்லியோடு அவள் இளைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வரும்போது கத்துமே, அந்தக் கத்தல். அவள் போனபிறகு அது ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. பதிவு முடிந்தும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.