இரண்டாவது சேவல்

கம்ப்யூட்டர் ஒன்றுக்குள்ளே ஒரு சேவல் குடியிருந்தது. சின்ன கேம் ஒன்றில் அதற்கு வேலை. யாராவது கேமைத் திறந்தால் அது கூவும். அது கூவினால்தான் அந்தக் கேமுக்குள்ளே பொழுது விடியும்.

கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் ஞானவேல் நல்ல மனுஷர். பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு உதவி என்று பத்து கேம்களை ஒரே கட்டாக மலிவு விலைக்கு விற்றார்கள். மறுபேச்சு பேசாமல் வாங்கினார். வாங்கியதோடு சரி, ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

சேவல் இருட்டிலேயே கழுத்தை நீட்டிக் காத்துக் கிடந்தது.

"ஏண்டா, இன்னும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டே இருக்கியா?" என்றது பக்கத்துக் கேமில் இருந்த ஆமை. "நம்மால ஏதோ ஒரு பிள்ளைக்கு மருந்து கிடைச்சிருக்கும். அதோட நம்ம வேலை முடிஞ்சுது."

"அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும் அண்ணே. ஆனா என்னைப் பிடிச்சுப்போய்த்தானே அவரு வாங்கினாரு?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

ஒருநாள் புதுக் கட்டு ஒன்று வந்து இறங்கியது. அதிலிருந்து ஒரு சேவல் எட்டிப் பார்த்தது. அதே கொண்டை, அதே வால், அதே கேம். ஏற்கெனவே வாங்கியது ஞானவேலுக்கு நினைவிலேயே இல்லை.

புதுச்சேவல் இறக்கையை உதறிக்கொண்டது. "அண்ணே, ரொம்ப இருட்டா இருக்கே. இங்க எப்ப விடியும்?"

பழைய சேவல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தது.

"தூங்குடா தம்பி," என்றது. "விடிஞ்சா நானே எழுப்புறேன்."