துரைச்சாணி இட்ட முட்டை

கனவா நிஜமா என்று சீனித்தாய்க்கு ஒரு கணம் பிடிபடவில்லை. விடியல் மூட்டத்தில், வேலியைத் தாண்டி ஒரு கை நீண்டு அவளுடைய கோழிக்கூட்டுக்குள் நுழைந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பக்கத்து வீட்டு முத்துக்கனி.

"ஏக்கா, காய்ச்சல்ல கிடந்து எழும்புன பிள்ளை முட்டையிலயா கை வைக்கிய?"

முத்துக்கனி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

சீனித்தாய்க்கு மனசு ஆறவில்லை. தினம் ஒரு முட்டை கொடுத்தால்தான் மகள் செல்லக்கிளி தேறுவாள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, முத்துக்கனி தன் நாட்டுக்கோழி இட்ட முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். "ஓசி முட்டை எங்களுக்கு வேண்டாம்" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு, நாசரேத் போய் கோழி வியாபாரி சுந்தர்சிங்கிடம் சீமைக்கோழி வாங்கியவள் சீனித்தாய். உப்பு அம்பாரம் மாதிரி வெள்ளை. வருஷம் முழுக்க இடும் சாதியாம். முற்றமெல்லாம் வெள்ளைக் கோழி மேய்வதாக அவளுக்குக் கனவுகூட வந்தது.

வெள்ளைக்காரி மாதிரி இருக்கிறதென்று முத்துக்கனி அதற்குத் துரைச்சாணி என்று பேர் வைத்தாள். காலையானால் வேலிக்கு அப்பாலிருந்து, "ஏளா, உன் துரைச்சாணி கூப்பிடுதா, போய்ப் பாரு" என்று கேலி வரும். போய்ப் பார்த்தால் முட்டை இருக்கும்.

சண்டைக்கு மறுநாளிலிருந்து முட்டையே இல்லை. பிள்ளை வெறும் கஞ்சியைக் குடித்தது. முத்துக்கனி கண்தான் பட்டுவிட்டது என்று மருகினாள் சீனித்தாய்.

அவள் ஊரான மாப்பிள்ளையூரணிக்குக் கோழி விற்க வந்த சுந்தர்சிங்கைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, நல்லா இட்டுக்கிட்டு இருந்தது திடீர்னு நிறுத்திட்டு."

அவர் கோழியைத் தூக்கி, வெளுத்துச் சுருங்கிய கொண்டையைத் தடவினார்.

"கொண்டை சிவந்ததா பாத்து எடுன்னு சொன்னேன். நீ பெருசா இருக்குன்னு இந்தக் கிழவியைத் தூக்கிட்டு வந்துட்ட. இது இங்க வந்து ஒண்ணுகூட இட்டிருக்காதே."

"தினமும் இட்டுச்சே அண்ணாச்சி. நல்ல பழுப்பு முட்டை."

"பழுப்பா? இந்தச் சாதி வெள்ளை முட்டைதாம்மா இடும்."

சீனித்தாய் வேலியைத் திரும்பிப் பார்த்தாள். மூட்டத்தில் நீண்ட அந்தக் கை மறுபடி கண்ணில் ஆடியது. வெட்கமாக இருந்தது.

வேற நல்ல கோழி கொண்டுவருவதாகச் சொல்லி, சுந்தர்சிங் கிழவியைக் கூடையில் போட்டுக்கொண்டு ரயிலேறினார்.

சீனித்தாய் வேலியோரம் போய் நின்றாள். "அக்கா" என்றாள். அந்தப் பக்கம் அம்மிச் சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தது.

மறுநாள் விடியலில் துறைமுகச் சங்கு ஊதி அடங்கியதும் குரல் வந்தது.

"ஏளா, உன் துரைச்சாணி கூப்பிடுதா, போய்ப் பாரு."

கோழியில்லாத கூட்டில், இளஞ்சூட்டோடு ஒரு பழுப்பு முட்டை இருந்தது.