கடைசி வரிசையில் ஒரு குண்டு

ஓய்வுபெறும் நாளன்று, ஆய்வகச் சாவியை ஒப்படைக்கும் முன் ஹெப்சிபா டீச்சர் அந்தப் பிஸ்கட் தகர மூடியைக் கடைசியாக ஒருமுறை கையில் எடுத்தார். உள்ளே சைக்கிள் பால்ரஸ் குண்டுகள். சாய்த்து மெல்லத் தட்டினால் வரிசைகட்டி நிற்கும், அது திடம். ஆட்டினால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும், திரவம். வேகமாகக் குலுக்கினால் துள்ளிப் பறக்கும். இருபத்தாறு வருடங்களுக்கு முன் டீச்சரும் தனராஜ் சாரும் சேர்ந்து செய்தது. முதல் நாளே ஒரு குண்டு துள்ளி மேசைக்கடியில் ஓடிவிட்டது. குனிந்து தேடிய தனராஜ், "ஆவியாப் போனத எங்கன போய்த் தேட, டீச்சர்?" என்று வெறுங்கையை விரித்தார். அவருடைய சட்டைப்பைக்குள் அது உருண்டதை டீச்சர் பார்த்துவிட்டார், கேட்கவில்லை. அடுத்த ஜூனில் தனராஜுக்கு மாற்றல் வந்தது. அதன்பின் எப்போது சாய்த்தாலும் கடைசி வரிசையில் ஒரு குண்டு குறையும்.

இன்று குறையவில்லை.

பிரிவுபசார விழாவுக்குக் காலையிலேயே வந்துவிட்ட தனராஜின் குரல் வராந்தாவில் கேட்டது. டீச்சர் மூடியைப் பலம்கொண்ட மட்டும் குலுக்கினார். ஒரு குண்டு துள்ளி மேசைக்கடியில் ஓடியது. அவர் குனியவில்லை.

"சார், கொஞ்சம் இங்கன வாரியளா?"