எட்டு மணி நேரப் படம்

திரையில் ஓடுவது அவளுடைய குடல்.

நேற்றுக் காலையில் தண்ணீரோடு ஒரு மாத்திரையை விழுங்கினாள். உள்ளே விளக்கும் கேமராவும் வைத்த மாத்திரை. எட்டு மணி நேரம் சிறுகுடல் முழுக்கப் படம் பிடித்துக்கொண்டே போயிருக்கிறது.

பக்கத்தில் மாமியார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடமாக மலத்தில் இரத்தம். பதினோரு பாட்டில் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

மாமியாருக்குத் தெரிந்தது. இடுமருந்து. யாரோ சோற்றில் கலந்து கொடுத்துவிட்டார்களாம்.

மாமியார் கூட்டிப்போன மருந்தெடுக்கிறவர் அவள் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, வாழையிலையில் கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினார். கூடப் பிறந்தவள் கைச்சோறு என்றார்.

அன்றோடு தங்கமணி அக்கா மாமியார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மூன்று தடவை எடுத்தார். மூன்று உருண்டை. இரத்தம் மட்டும் நிற்கவில்லை. பாவி மனுஷன்!

அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டர் படத்தை நிறுத்தினார். குடல் சுவரில் பொட்டு அளவு ஒரு சிவப்பு. சுற்றிலும் இரத்தம். இரத்தக் குழாய் புடைத்திருக்கிறது, பலூன் வைத்த நீளக் குழாயை அதுவரை விட்டுச் சுட்டுவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார்.

"அதெல்லாஞ் சரிங்க டாக்டர்" என்றார் மாமியார். "எதுக்கும் வெள்ளிக்கெழம இன்னொருக்கா மருந்தெடுத்துப்போட்டு..."

அவள் எழுந்துவிட்டாள்.

"டாக்டர், மொதல்ல இருந்து ஓட்டுங்க. எட்டு மணி நேரமும் ஓட்டுங்க. எங்கக்கா வெச்ச மருந்து எந்த எடத்துல இருக்குதுன்னு இவங்க காட்டட்டும்."

டாக்டர் திரையை மாமியார் பக்கம் திருப்பினார்.

மறு வாரம் குழாய் விட்டு அந்தப் பொட்டைச் சுட்டார்கள். சாயங்காலம் குழைந்த சோறு சாப்பிடலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியார் பிளாஸ்கில் கஞ்சியோடு வந்து நின்றார். அவள் மூடியைத் திறக்கவில்லை. பசியில் உயிர் போனது. போகட்டும்.

"உக்காருங்கத்தே" என்றாள். "அக்கா ரசஞ்சோறு கட்டிக்கிட்டு பஸ் ஏறிருச்சு. நீங்களும் ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போலாம்."

மாமியார் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

வெகு நேரம் கழித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.