முன்னால் போன வண்டி

கவச வண்டி கண்ணிவெடி மேல் ஏறியது. பின்னால் வந்த இரண்டு லாரிகளும் முட்டிக்கொண்டு நின்றன. காலாட்கள் ஒருவர்கூடத் தரையில் இல்லை.

"பாத்தீங்களா பாய்," என்றார் தம்பிதுரை.

கவச வண்டி என்பது ஒரு பித்தளைச் சொம்பு. லாரிகள் இரண்டு கொட்டாங்குச்சிகள். சாலை, தேங்காய் காயப்போடும் களத்தில் அவர் கரித்துண்டால் இழுத்த கோடு. தம்பிதுரை பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மைதீன் பிச்சை கோயம்புத்தூர் கோட்டைமேட்டிலிருந்து காலை பஸ்ஸில் கிணத்துக்கடவுக்கு வந்திருந்தார். காஷ்மீரில் அந்த முதல் லாரியை ஓட்டியவன் அவர் மகன் யூசுப். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

கவச வண்டியில் இருந்தவன் தம்பிதுரையின் மகன், ஹவில்தார் வேலுமணி. தை மாதம் கொடி போர்த்திய பெட்டி வந்தது. அதைத் திறக்கவிடவில்லை.

"எங்க காலாள் டிவிஷனுக்கு மொதல்ல இந்த வண்டிக வந்தப்ப, இதை எங்க சேக்கறதுன்னே பெரிய பேச்சுங்க. மொத்தமா ஒரு எடத்துல வச்சா ஷெட்டுல தூங்கும். பட்டாலியனுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுத்தாங்க. அன்னைக்கே ஒரு கட்டுப்பாடு வெச்சாங்க. நடக்கறவனுக்கு வண்டி காவல். வண்டிக்கு நடக்கறவன் கண்ணு."

கோட்டின் இரண்டு ஓரத்திலும் கடலைக்காய்களை வரிசையாக வைத்தார்.

"இவங்க முன்னால நடந்து போயி, ஒயர் கெடக்குதா, புது மண்ணு கெடக்குதான்னு பாக்கோணும். இவங்க கை காட்டுனாத்தான் வண்டி நகரோணும். அன்னைக்கு அப்படியா நடந்துச்சு? நடக்கறவங்களையெல்லாம் லாரில ஏத்திப்போட்டு, வண்டிய முன்னால உட்டிருக்கான் ஒருத்தன்."

கடலைக்காய்களை அள்ளிக் கொட்டாங்குச்சிகளில் போட்டார்.

"யாருங்க அவன்?"

மைதீன் பிச்சைக்கு அந்தப் பெயர் தெரியும். ஆஸ்பத்திரியில் யூசுப் சொல்லியிருந்தான். பனியில் நடந்து நடந்து பையன்களுக்குக் கால் வெடித்திருந்தது. 'ஏறிக்கங்கடா, முன்னால நான் போறேன்' என்று உத்தரவு போட்டது வேலுமணிதான்.

"அவங்க ஊட்டுல போயி உள்ளதைச் சொல்லிருங்கத்தா," என்று மகன் கேட்டுக்கொண்டான். அதற்காகத்தான் அவர் வந்தார். வந்த இடத்தில் வாய் எழவில்லை.

"சொல்லுங்க பாய். உங்க பையன் கண்ணால பாத்தவனாச்சே."

"ஆபீசர் அன்னைக்கு லீவுங்களாம்," என்றார் மைதீன் பிச்சை.

அது போதும் என்று நினைத்தார். ஆபீசர் இல்லாத நாளில் அந்தச் சின்ன அணியின் பொறுப்பு ஹவில்தாருக்கு என்பதைப் பட்டாளத்திலேயே தலை நரைத்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தம்பிதுரை அதைக் காதில் வாங்கவில்லை. குரலை உயர்த்தினார்.

"ஆபீசருன்னா ஒருத்தனா? அவன் போனா இன்னொருத்தனைக் கொண்டாந்து உக்கார வெப்பாங்க. மீசை மொளைக்காத பய எவனோ வந்திருப்பான். நடக்கத் தெரியாதவன்."

களத்தின் ஓரத்தில் அவர் மனைவி சென்னியம்மாள் தேங்காய்ப் பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவன் நாசமாப் போகோணும்ங்ணா," என்றாள். "அவனைப் பெத்தவ எந்த ஊர்ல இருந்தாலுஞ் செரி, என்னையாட்டம் கெடக்கோணும்."

மைதீன் பிச்சை சொம்பைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏனுங்ணா, பேர் மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் கேக்கல."

"யூசுப்புக்கு ஒன்னும் ஞாபகமில்லீங்கம்மா. தலையில அடி."

சென்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"செரி, இருந்து சாப்பிட்டுப்போட்டுப் போங்க. பஸ்ஸுல வந்த களைப்பு."

உள்ளே இலை போட்டாள். பருப்பும் ரசமும் ஊற்றினாள். யாரோ ஒரு மீசை மொளைக்காதவனை வைதுகொண்டே பரிமாறினாள். அவன் கை, அவன் கண், அவன் குடும்பம் என்று ஒன்றையும் விடவில்லை. வைதுகொண்டே தனக்கும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மைதீன் பிச்சை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தம்பிதுரையும் சாப்பிடவில்லை. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சி ரோடு வரை அவரே கூட நடந்து வந்தார். தோட்டம் தாண்டியதும் அவருடைய சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. வெயிலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இருவரும் புளியமரத்தடியில் நின்றார்கள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா," என்றார் மைதீன் பிச்சை. "அவ்வளவு தூரம் கேட்டீங்க. பேர் சொல்ல முடியாமப் போச்சு."

பஸ் தூரத்தில் தெரிந்தது. தம்பிதுரை கையைக் காட்டி நிறுத்தினார். மைதீன் பிச்சை படியில் கால் வைத்தபோது அவர் தோளைத் தொட்டார்.

"உத்தரவு போட்டது எம் பையன்தான்னு எனக்குப் பெட்டி வந்த அன்னைக்கே தெரியுமுங்க பாய். வைய ஒருத்தன் இல்லீன்னா அவ சோத்துல கை வெக்கறதில்லீங்க."